கொம்பு எந்தச் சொல்லுக்கு உரியது? தமிழ் மின்பதிப்பில் குறியீடும் வடிவூட்டலும்

1911இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பணியிலிருந்து விலகிய தமிழறிஞர் மறைமலையடிகள் பல்லாவரத்தில் குடியேறினார். அங்கேயே அச்சகம் அமைத்துத் தம் நூல்களை வெளியிட்டார். 1950இல் அவர் மறைந்தார். இந்தியச் சட்டம் தரும் அறுபதாண்டுக் காப்புரிமை 2010உடன் முடிந்தது. இத்தகைய பழம்பதிப்புகளை இன்று விக்கிமூலம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் திரைக்குக் கொண்டுவருகின்றன. மூலம், உரை, மேற்கோள், தலைப்பு ஆகியவற்றை அச்சுக்கோப்பவர் எழுத்தின் அளவாலும் இடைவெளியாலும் பிரித்துக் காட்டினார். மின்பதிப்பில் அந்தப் பொறுப்பைக் குறியீடுகள் ஏற்கின்றன. அக்குறியீடு தோற்றத்தைச் சொல்ல வேண்டுமா, பகுதியின் பணியைச் சொல்ல வேண்டுமா? பணியையே சொல்ல வேண்டும் என்றும், தமிழின் எழுத்தமைப்பும் புணர்ச்சியும் இதை மேலும் கட்டாயமாக்குகின்றன என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரிக்கும் கொள்கை புதிதன்று. 1986இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்ஜிஎம்எல் என்னும் குறியீட்டு மொழி அதன்மேல்தான் எழுந்தது. நடைமுறையில் குறுக்குவழிகளே வென்றன. விக்கியில் ஒரு சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு ஒற்றை மேற்கோள்குறி இட்டால் சாய்வு. மும்மூன்று இட்டால் தடிப்பு. நூற்பெயர், அயற்சொல், அழுத்தம் மூன்றையும் சாய்த்துக் காட்டும் உரோமன் அச்சுப் பழக்கம் இதன் பின்னணி. தமிழ் அச்சில் சாய்வெழுத்து வேரூன்றவில்லை. விண்டோஸில் நெடுங்காலம் புழங்கிய லதா எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் உண்டு, சாய்ந்த வடிவம் இல்லை. உலாவி நேரெழுத்தையே செயற்கையாகச் சரித்து வரைகிறது. திரையில் தெரிவது எவரும் வடிவமைக்காத எழுத்து.

சிக்கலின் ஆழம் புணர்ச்சியில் தெரியும். சென்ற நூற்றாண்டின் தொடக்க உரைநடையில் ‘முல்லைப்பாட்டென்னும்’ என்பது போன்ற தொடர்கள் இயல்பு. இதில் நூற்பெயரை மட்டும் தடிப்பாக்க முயல்வோம். குற்றியலுகரம் கெட்டு, எஞ்சிய ‘ட்’ மேல் ‘என்னும்’ என்பதன் எகரம் ஏறி ‘டெ’ ஆகியிருக்கிறது. மெய் நூற்பெயருக்கு உரியது. ஒற்றைக்கொம்பு அடுத்த சொல்லுக்கு உரியது. யூனிகோடு வரிசையில் டகரம் முன், கொம்பு பின்; திரையிலோ கொம்பு முன், டகரம் பின். குறியீட்டை டகரத்தோடு முடித்தால் கொம்பு தனித்துவிடும். தடித்த எழுத்துக்கும் மெலிந்த எழுத்துக்கும் எழுத்துருக் கோப்புகள் வேறாக இருப்பதால், ஓரெழுத்தின் இரு பாதிகளைச் சேர்த்து வரைய வழியில்லை. கொம்பின் அருகே புள்ளிவட்டம் ஒன்று தோன்றுகிறது.

பதிப்பாளர் சந்தியைப் பிரித்தால் ஆசிரியரின் நடையைத் திருத்தியவர் ஆகிறார். தொடர் முழுவதையும் தடிப்பாக்கினால் நூற்பெயர் எதுவென்ற செய்தி மங்குகிறது. ‘இது நூற்பெயர், முழுவடிவம் முல்லைப்பாட்டு’ என்று குறியீட்டுக்குள் பதிந்துவிட்டு, தடிப்பை எந்த எழுத்துவரை நீட்டுவது என்பதைத் தோற்றத்தை வரையறுக்கும் நடைத்தாளிடமும் மென்பொருளிடமும் விடுவதே தக்கது. 1987இல் தொடங்கிய டிஇஐ என்னும் உரைக்குறியீட்டு நெறிமுறை இத்தகைய பதிவுக்கு இடம் தருகிறது. மூலமும் சிதையாது, தகவலும் இழக்கப்படாது.

செய்யுளிலும் கடிதத்திலும் இதே நிலைதான். அடியை உள்தள்ள வேண்டி வரியின் தொடக்கத்தில் ஒரு வெற்றிடம் விட்டால், விக்கி மென்பொருள் அதை நிரல்வரியாகக் கருதிச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் அடைக்கும். அடிகளாரின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ போன்ற கடிதப் புதினத்தில் விளிப்பையும் கையொப்பத்தையும் வெற்றிடங்களால் ஓரத்துக்குத் தள்ளினால், கைப்பேசியின் குறுந்திரையில் வரிகள் குலைந்துவிடும். ‘விளிப்பு’, ‘கையொப்பம்’ என்று குறித்திருந்தால் ஒவ்வொரு திரைக்கும் ஏற்ற இடத்தை நடைத்தாள் முடிவு செய்யும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மெய்ப்புப் பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். நுணுக்கமான குறியீடுகள் அவர்களை விரட்டிவிடும், பொத்தானை அழுத்தினால் சாய்வு வருவதே எளிது என்பர். எளிமை தேவைதான். அந்த எளிமை பொத்தானால் வருவது. பொத்தானில் ‘சாய்வு’ என்றிருப்பதால் வருவதன்று. அதே கருவிப்பட்டையில் ‘நூற்பெயர்’, ‘மேற்கோள்’, ‘அடி’, ‘உரை’ என்ற பொத்தான்களை வைக்கலாம். விக்கியின் வார்ப்புருக்கள் இதற்குப் போதும். தன்னார்வலரின் உழைப்பு கூடாது, அவர் தரும் தகவல் கூடும்.

அத்தகவலின் பயன் அழகோடு நிற்பதில்லை. நூற்பெயர்கள் நூற்பெயர்களாகவே குறிக்கப்பட்டால், அடிகளார் எந்நூல்களை எங்கெங்கே எடுத்தாண்டார் என்ற அகரவரிசையை மென்பொருளே தொகுக்கும். சாய்வாக மட்டும் பதிந்த உரையில் நூற்பெயரையும் அழுத்தத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. மீண்டும் ஒருவர் பக்கம் பக்கமாகப் படித்தாக வேண்டும். ஆகவே தமிழ் மின்பதிப்புத் திட்டங்கள் மெய்ப்பு நெறிகளை வகுக்கும்போது தோற்றக் குறியீடுகளை இறுதி வாய்ப்பாக மட்டுமே அனுமதிக்க வேண்டும்.