கெண்டைக்குப் பல் எங்கே இருக்கிறது?



போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ரோகு மீன் தலைக் குழம்பு. தலையைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேத்தி, "தாத்தா, மீனுக்குத் தொண்டைக்குள்ள பல்லு இருக்கு!" என்று ஒரு சின்ன எலும்பை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். எனக்கு 40 வருடங்களுக்கு முந்தைய ஒரு வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் பல்லின் கதை.

கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குத் தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. ஆனால் செவுளுக்குப் பின்னால், தொண்டையில், கடைசிச் செவுள் வளைவின் எலும்பில் பற்கள் இருக்கும். மேலே மண்டையோட்டின் அடியில் கெட்டியான ஒரு திண்டு. இரண்டுக்கும் நடுவில் இரை அம்மியில் அரைபடுவது போல அரைபடும். இந்த மீன்களுக்குத் தனியாக இரைப்பை என்று ஒன்று இல்லாததால், தொண்டையில் நடக்கும் இந்த அரைப்பு முக்கியம். பற்கள் ஒன்று முதல் மூன்று வரிசை வரை இருக்கும். எந்த வரிசையிலும் எட்டுக்கு மேல் போகாது. எத்தனை வரிசை, எத்தனை பல் என்று எண்ணித்தான் அறிஞர்கள் வெகுகாலம் ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரித்தார்கள்.

இன்னோர் அதிசயமும் உண்டு. காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சிறு எலும்புச் சங்கிலி ஒன்று இவற்றுக்கு இருக்கிறது. தண்ணீரில் எழும் ஓசை காற்றுப்பையை அதிரவைக்கும். அந்த அதிர்வை இந்த எலும்புகள் காதுக்குக் கொண்டுபோகும். 1820இல் இதை விவரித்தவர் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர். இதே எலும்புகள் கெளுத்திக்கும் உண்டு. பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத கெண்டையும் கெளுத்தியும் தூரத்து உறவு என்பதற்கு இது ஒரு பெரிய சாட்சி.

இனி பெயர் வைத்த கதை. 1758இல் லின்னேயஸ் கெண்டைகளுக்கு 'சிப்ரினஸ்' என்று பேரினப் பெயர் கொடுத்தார். பிறகு பெர்லினில் மார்கஸ் பிளாக் என்ற மருத்துவர் மீன்களைப் பற்றிப் பெரிய நூல் வரிசை எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நம் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற மறைப்பணியாளர் அவருக்கு மீன்களை அனுப்பிவைத்தார். 1795இல் பிளாக் ஒரு தென்னிந்தியக் கெண்டைக்கு 'சிரோசஸ்' என்று பெயரிட்டார். மீசை உள்ளது என்று பொருள். நல்ல லத்தீன்தான். ஆனால் அந்த மீனைப் பிடித்தவர்கள் அதை என்னவென்று அழைத்தார்கள் என்பது அந்தப் பெயரில் இல்லை.

அடுத்து வந்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1800இல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கன்னடம், மலபார் என்று சுற்றி எழுதினாரே, அதே ஸ்காட்லாந்து மருத்துவர்தான். பின்னாளில் தாய்வழிச் சொத்து வந்ததும் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1807 முதல் 1814 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்தை அளந்தபோது, கங்கையின் கிளைகளில் கிடைத்த மீன்களை எல்லாம் விவரித்து, அங்கங்கே வழங்கும் பெயர்களையும் எழுதிக்கொண்டார். உள்ளூர் ஓவியரை வைத்துப் படம் வரைய வைத்தார். 1815இல் ஊர் திரும்பும் நேரத்தில் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு (வாரன் ஹேஸ்டிங்ஸ் அல்ல, இவர் வேறு) படங்கள் கம்பெனியின் சொத்து என்று பிடித்து வைத்துக்கொண்டார். கைவசம் இருந்ததை வைத்துக்கொண்டு 1822இல் எடின்பரோவில் தன் கங்கை மீன் நூலை வெளியிட்டார்.

அந்த நூலில் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. புது லத்தீன் பெயரைத் தேடாமல், பல மீன்களுக்கு வங்காளத்து மக்கள் சொன்ன பெயரையே வைத்துவிட்டார். ரோகிதா, கட்லா, மிரிகாலா, கல்பாசு எல்லாம் அப்படி வந்தவை. வங்காளி 'புண்ட்டி' என்று சொன்ன பொடிமீன் 'புண்டியஸ்' ஆயிற்று. நம் ஓடைகளில் துள்ளும் பல சின்னக் கெண்டைகளுக்கு இன்றும் அதுதான் பேரினப் பெயர். கோசி ஆற்றுப் பக்கம் அவர் கண்ட கோடு போட்ட குட்டி மீனுக்கு 'ரெரியோ' என்று பெயர். இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளரும் வரிக்குதிரை மீன் அதுதான்.

வகைப்பாட்டில் ஒரு விதி உண்டு. பேரினப் பெயர் மாறலாம், முதலில் வைத்த சிற்றினப் பெயர் நிலைக்கும். சிப்ரினஸ் ரோகிதா பின்னால் லேபியோ ரோகிதா ஆயிற்று. கட்லாவைச் சிப்ரினஸ், கட்லா, லேபியோ என்று வீடு வீடாக மாற்றிக் குடிவைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறும், கூப்பிடும் பெயர் மாறாது அல்லவா, அதுபோல.

கல்கத்தாவில் தங்கிவிட்ட படங்களை ஜான் மக்லெலண்ட் பார்த்தார். 1839இல் அவர் இந்தியக் கெண்டைகளைக் குடலையும் வாயையும் வைத்துப் பிரித்தார். பாசியும் செடியும் தின்பவற்றுக்குக் குடல் உடம்பைவிடப் பல மடங்கு நீளம். பூச்சி புழு தின்பவற்றுக்குக் குட்டை. அவதானம் சரி. ஆனால் ஒரே மாதிரி சாப்பிடுகிறவர்கள் எல்லாம் ஒரே குடும்பம் ஆகிவிட முடியாது. அதனால் அவருடைய பிரிவுகள் நிற்கவில்லை. இன்று எலும்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கங்கை மீன் நம் குழம்புக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இவை ஆற்று வெள்ளத்தில்தான் முட்டையிடும், குளத்தில் இடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டு, அடைத்து வைத்த நீரில் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடெங்கும் ஏரி குளங்களுக்குக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைத்தன.

இப்போது அந்த வகுப்பறை. ஒன்பதாம் வகுப்பில் மீன் பாடம். "மீனுக்குப் பல் தாடையில் இருக்கும்" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். அப்பா ஏரியில் வலை போடுகிறவர். "சார், கெண்டைக்குத் தொண்டையிலதான் பல்லு இருக்கு. எங்கப்பா காட்டியிருக்காரு."

"புத்தகத்துல அப்படி இல்ல. உட்காருடா" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் ஒரு பூவரச இலையில் மடித்து அந்த எலும்பை என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். நாற்றம் அடிக்கிறது என்று, பிரித்துக்கூடப் பார்க்காமல் வெளியே எறியச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

சில வருடங்கள் கழித்து ஒரு நூலகத்தில் தொண்டைப் பற்களின் படத்தைப் பார்த்தேன். அன்று வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை. ஹாமில்டன் வலைக்காரர்களின் சொல்லைப் புத்தகத்தில் ஏற்றினார். அது 200 வருடமாக நிற்கிறது. நான் புத்தகத்தைக் காட்டி வலைக்காரர் மகனை உட்கார வைத்தேன்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா தெரியாது. உன் பெயரை இங்கே எழுதவில்லை, ஆனால் மறக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி. உங்கள் அப்பா சொன்னதும் சரி. அன்று தவறு என்னுடையது.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் நிறையப் பேர். ஒரு பிள்ளை இலையில் மடித்து எதையாவது கொண்டுவந்தால், நாற்றம் அடித்தாலும் பிரித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் சார்