பேராசிரியர் ஜெயரட்ணம் வில்சன்: பேச்சுவார்த்தை மேசையின் இரு பக்கங்கள்

புதுக்கடை நீதிமன்றங்களில் சிவில் வழக்குகளில் பெயர்பெற்ற அப்புக்காத்தாக விளங்கிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அவர்களின் கடிதங்களையும் ஆவணங்களையும் படிக்க விரும்பும் மாணவர் ஒருவர், இன்று கனடாவில் உள்ள டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகத்தையே நாடவேண்டும். ஜே.ஆர். ஜயவர்தனவின் ஆவணங்களைத் தேடுபவருக்கு அவ்வளவு தொலைவு இல்லை. 1988 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் அமைக்கப்பட்ட ஜே.ஆர். ஜயவர்தன நிலையம் கொழும்பு தர்மபால மாவத்தையில் இருக்கிறது. பேராசிரியர் கே.எம். டி சில்வாவும் ஹவார்ட் றிகின்ஸும் இணைந்து எழுதிய ஜயவர்தனவின் வாழ்க்கை வரலாறு, 1988 இலும் 1994 இலும் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ஆவணங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் வரலாறு எவ்வாறு எழுதப்படும் என்பதற்கு அது ஒரு சான்று.

இவ்விரு மனிதர்களுக்கும் அருகில் இருந்த ஒருவர் பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன். செல்வநாயகத்தின் மகளை மணந்தவர் அவர். பின்னர் ஜனாதிபதி ஜயவர்தனவின் அரசியலமைப்பு ஆலோசகராகவும் அவருக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையிலான தூதுவராகவும் இருந்தார். ஓர் அரசியல் ஆய்வாளர் தாம் ஆராயும் பொருளுக்கு இத்தனை நெருக்கமாக இருப்பது பேறா, பழுதா என்பது அவருடைய நூல்களைப் படிக்கும்போதெல்லாம் எழும் வினா.

1928 இல் பிறந்த வில்சன், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, லண்டன் பொருளியல் கல்லூரியில் கலாநிதிப் பட்டத்தை முடித்தவர். 1950 களின் தொடக்கத்திலிருந்து பேராதனையில் கற்பித்து, 1969 இல் அங்கு அரசியல் விஞ்ஞானத்துறையின் முதலாவது பேராசிரியரானார். 1972 இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1994 இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். முதலாவது குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டும் 1972 தான். 2000 ஆம் ஆண்டில் டொராண்டோவில் காலமானார்.

அவருடைய தொடக்ககால எழுத்துக்கள் தேர்தலையும் பாராளுமன்றத்தையும் நிதானமாக அளந்தவை. 1970 மே மாதப் பொதுத்தேர்தல் பற்றிய நூல் 1975 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 151 தெரிவு ஆசனங்களில் 116 ஐ ஐக்கிய முன்னணி கைப்பற்றிய தேர்தல் அது. அத்தகைய அறுதிப் பெரும்பான்மையை வைத்துக்கொண்டு ஓர் அரசு சிறுபான்மையினரின் இணக்கமின்றியே அரசியலமைப்பை எழுதலாம் என்பதை 1972 காட்டிற்று. 1974 இல் வெளிவந்த 'இலங்கை அரசியல் 1947–1973' என்ற பொருளிலான ஆங்கில நூலை, எமது தலைமுறையில் அரசியல் விஞ்ஞானம் கற்றவர்கள் பாடநூலாகவே அறிவர்.

1978 க்குப் பிந்திய வில்சன் வேறு. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையைப் பிரான்சின் டி கோல் முறைமையோடு ஒப்பிட்டு 1980 இல் அவர் எழுதிய நூலில் ஒரு நம்பிக்கை தொனிக்கிறது. வலுவான ஜனாதிபதி ஒருவர், தேர்தல் அலைகளுக்கு அஞ்சாமல், தமிழரோடு ஓர் உடன்பாட்டுக்கு வரக்கூடும் என்ற நம்பிக்கையே அது. 1977 தேர்தலில் 18 ஆசனங்களைப் பெற்ற கூட்டணி, அ. அமிர்தலிங்கத்தின் தலைமையில் எதிர்க்கட்சியாக அமர்ந்திருந்தது. 1979 இல் விக்டர் தென்னகோன் தலைமையில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவில் வில்சனும் கலாநிதி நீலன் திருச்செல்வமும் இடம்பெற்றனர். அதன் வழியாக 1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க மாவட்ட அபிவிருத்தி சபைகள் சட்டம் பிறந்தது.

அச்சபைக்கான தேர்தல் 1981 ஜூன் 4 இல் யாழ்ப்பாணத்திலும் நடைபெற்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அதில் அழிந்தன. எந்தச் சமரசத்துக்காக ஒரு பேராசிரியர் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டிப் போய்வந்து கொண்டிருந்தாரோ, அந்தச் சமரசத்தின் வாக்கெடுப்பு வாரத்திலேயே ஒரு சமூகத்தின் நூல்கள் எரிந்தன. 1983 ஜூலையோடு தூதும் முடிந்தது.

1988 இல் வெளிவந்த அடுத்த பெருநூலின் தலைப்பே இலங்கை உடைந்துவிட்டது என்று கூறுகிறது. 1980 ஆம் ஆண்டு நூலையும் இதையும் அடுத்தடுத்துப் படிப்பவர் இரு வேறு ஆசிரியர்களைப் படிப்பதாகவே எண்ணுவார். பிந்தைய நூலில் தாம் பங்குகொண்ட பேச்சுக்களைச் சாட்சியாகவே அவர் எழுதுகிறார். ஜயவர்தனவின் நோக்கங்களை வில்சன் அளவுக்கு மீறி நம்பினார் என்ற விமர்சனம் நியாயமானதே. பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கைக்கு எதிராக 1957 ஒக்டோபரில் கண்டி யாத்திரையை நடத்திப்போனவர் ஜயவர்தன என்பதை, செல்வநாயகத்தின் மருமகன் அறியாதவரல்லர். எனினும் நம்பியதையும் ஏமாந்ததையும் தம் பெயரிலேயே அச்சில் விட்டுச்சென்ற ஆலோசகர்கள் இந்நாட்டில் மிகச் சிலரே.

1994 இல் அவர் எழுதிய செல்வநாயகம் பற்றிய நூல், குடும்பத்திடம் இருந்த சான்றுகளை நெருங்கக் கிடைத்ததனால் வளம் பெற்றது. மாமனாரை மருமகன் எழுதுவதன் குறையும் அதில் உண்டு. ஆதாரங்கள் பொதுவில் திறக்கப்பட்டிருக்கும்போதே அக்குறையைப் பிறர் திருத்த முடியும். ஸ்காபரோவுக்கு ஆவணங்கள் சென்றதன் பயன் இதுவே.

முஸ்லிம் வாசகர்களுக்கும் இதில் நேரடி அக்கறை உண்டு. 1949 டிசம்பரில் தொடங்கப்பட்ட தமிழரசுக் கட்சி, 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லினால் முஸ்லிம்களையும் தன்னுள் அழைத்தது. 1956 தேர்தலில் கல்முனை, பொத்துவில் தொகுதிகளில் முஸ்லிம்களே அக்கட்சியின் சார்பில் வென்றனர். 1957 ஜூலை 26 இல் கைச்சாத்தான உடன்படிக்கை, வடமாகாணத்தை ஒரே பிராந்தியமாகவும் கிழக்கை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிராந்தியங்களாகவும் வகுத்தது. கிழக்கின் முஸ்லிம்களுக்கு அப்பிரிவு எதைக் கருதியது என்பது இன்றும் வாதத்துக்குரியது. 1977 இல் கூட்டணிக்கு ஆதரவாகப் பிரசாரம் செய்த எம்.எச்.எம். அஷ்ரப், பின்னர் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவரானார். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்.

இந்த வரலாற்றை வில்சனின் நூல்களில் தேடும் முஸ்லிம் வாசகர் நிறைவு காணமாட்டார். தமிழ்த் தேசியம் பற்றிய அவரது கடைசி நூலிலும் முஸ்லிம்கள் ஓரத்திலேயே நிற்கின்றனர். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அந்த இடைவெளியை அவரைக் குறைகூறி நிரப்ப முடியாது. 1956 இல் வென்ற உறுப்பினர்களுக்கும் கட்சித் தலைமைக்கும் இடையில் நடந்த எழுத்துத் தொடர்புகள், அஷ்ரப்பின் பக்கத்துக் குறிப்புகள், பள்ளிவாசல் நிருவாகங்களின் அறிக்கைகள் ஆகியன ஒருங்கே வாசிக்கப்படும் நாளில்தான் இரு சமூகங்களின் உறவை ஒருவர் நேர்மையாக எழுத முடியும்.

ஆவணங்கள் வெளிநாடு சென்றதைக் குற்றமாகக் கருத இயலாது. 1981 க்கும் 1983 க்கும் பின்னர், தமிழ்க் குடும்பமொன்று தன் காகிதங்களை இத்தீவில் வைத்திருக்கத் தயங்கியிருந்தால் அதற்குக் காரணம் கேட்கவேண்டியதில்லை. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிமப் பணி, தமிழ், முஸ்லிம் எழுத்துக்கள் இரண்டையும் இணையத்தில் சேர்த்துத் தூரத்தைக் குறைத்திருக்கிறது. ஆயினும் அச்சேறிய நூலை மீட்பது வேறு. ஒரே பிரதியாக உள்ள கடிதத்தைக் காப்பது வேறு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புதுக்கடையிலும் பழைய சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், கட்சிச் செயலாளர்கள் வாழ்ந்த வீடுகள் மாடிக் குடியிருப்புகளாக மாறிவருகின்றன. வீடு விற்கப்படும் வாரத்தில் முதலில் வெளியேறுவன பெட்டியிலுள்ள காகிதங்களே. பழைய பேப்பர்காரருக்கு அவை நிறைக்குப் போகின்றன. கொழும்பு ஏழில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் அரச ஏடுகளை மட்டுமன்றித் தனியாரின் ஆவணங்களையும் ஏற்றுப் பேணுகிறது. புதுக்கடையிலிருந்து அது சில கிலோமீற்றர் தூரமே.