கால்வலி: நோய்க் குறியீடும் தொழிற்பேட்டைத் தொழிலாளரும்

கால்வலி ஓர் அறிகுறி, தனி நோயல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பில் (ஐசிடி-10) அது எம் 79.6 என்ற குறியீட்டில் அடங்கும். கைவலிக்கும் அதே எண்தான். காரணம் தெரியாதபோது மட்டுமே இதை இட வேண்டும். காரணம் தெரிந்தால் அந்த நோயின் எண்ணே முதன்மை.

1893இல் பெர்த்தியோன் என்பவர் தொகுத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது இவ்வகைப்பாடு. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. 2015 அக்டோபர் முதல் அமெரிக்கா பயன்படுத்தும், பத்தாம் பதிப்பின் விரிவான வடிவம் வலக்கால் வலிக்கு எம் 79.604, இடக்காலுக்கு எம் 79.605 என்று பிரிக்கிறது. சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்ப்பவர்களுக்கு இவை பழகிய எண்கள்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் சிட்கோ போன்ற தொழிற்பேட்டைகளில் இந்த எண்களுக்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது. ஷிப்டு முழுதும் நின்றே வேலை செய்பவருக்கு மாலையில் கணுக்கால் வீங்கி, கெண்டைக்காலில் நாளங்கள் நீலநிறத்தில் புடைத்துத் தெரிந்தால் அது நரம்புச் சுருட்டல்: ஐ 83. பாரம் தூக்குபவருக்கு இடுப்பிலிருந்து பாதம்வரை சுண்டி இழுத்தால் எம் 54.3. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயால் பாதம் எரிந்து மரத்துப்போனால் ஈ 11.4. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம் (ஐ 80.2), கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இரும்புத் துண்டு விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால் எஸ் 82. உடன் விபத்துக் குறியீடு டபிள்யூ 20.6. கடைசி 6, தொழிற்சாலை அல்லது கட்டுமான இடத்தைக் குறிக்கும். வேலையால் வந்த நோய் என்று காட்ட ஒய் 96 தனியாக உண்டு.

இத்தனை வழி இருந்தும் ஓ.பி. சீட்டில் 'கால்வலி' என்று மட்டும் எழுதி மாத்திரை கொடுத்தனுப்புவது பெரும் குறை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் (இ.எஸ்.ஐ.) திட்டத்தில் சாதாரண நோய்க்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். அதற்குச் சந்தா செலுத்திய நாட்கணக்கும் வேண்டும். வேலையில் காயம்பட்டவருக்கு 90 விழுக்காடு. சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. குறியீடு மட்டும் இதைத் தீர்மானிக்காது. விபத்து அறிக்கையும் தேவை. ஆனால் மருத்துவப் பதிவு தெளிவாக இல்லாதவரின் கோரிக்கை வலுவிழக்கும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும், தமிழ் தெரியாத வடமாநிலத்தவருக்கும் இதில் இழப்பு அதிகம்.

நின்று வேலை செய்பவர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவே கூறியது. ஆயினும் அதே ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் வகுத்த தொழில்சார் நோய்ப் பட்டியலில் நரம்புச் சுருட்டல் சேர்க்கப்படவில்லை.

ஆகவே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகும் தொழிலாளர்களே, எந்தக் கால், எங்கே, எப்போதிலிருந்து, என்ன வேலை செய்யும்போது வலி என்பதைச் சொல்லி, சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.