கையா, தரையா? தெருநாய்களின் நம்பிக்கை குறித்த ஓர் ஆய்வும் ஒரகடத்துத் தொழிற்பேட்டைகளும்

தெருநாய் தீனியைவிட வருடலையே பெரிதாக மதிக்கிறது; ஆகவே அச்சமூட்டாத பயிற்சிக்கு அடித்தளம் அன்புதான், தீனி வெறும் கையூட்டு. அண்மைக்கால எழுத்துகளில் இக்கருத்து நிறுவப்பட்ட உண்மைபோல எடுத்தாளப்படுகிறது. அதற்குச் சான்றாக நிற்பது பெரும்பாலும் ஒரே ஆய்வு. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தேபோத்தம் பட்டாச்சார்ஜி, அனிந்திதா பத்ரா குழுவினர் 2017-இல் ‘ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் பயாலஜி’ இதழில் அதை வெளியிட்டனர். அதன் தரவில் எனக்கு ஐயமில்லை. தரவை வாசித்த விதத்தில்தான் மறுப்பு. அந்த வாசிப்பை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற தொழிற்பகுதியில் நடைமுறை விதியாக்கினால், தொழிலாளருக்கும் நாய்க்கும் ஒருசேர இடர் விளையும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அளக்கப்பட்டது எது?

சோதனையின் அமைப்பு எளியது. வளர்ந்த தெருநாய்கள் 103 சோதிக்கப்பட்டன. முன்பின் அறியாத ஒருவரின் கையிலிருந்து உணவை எடுக்கலாம், அல்லது தரையிலிருந்து எடுக்கலாம், தேர்வு நாயுடையது. நாய்கள் பொதுவாகக் கையைத் தவிர்த்தன. உடனடியாக வருடிக்கொடுத்துப் பார்த்தும் தயக்கம் குறையவில்லை. சந்திப்புகள் பலமுறை தொடர்ந்த பிறகோ, வருடலின் விளைவு வலுவாகத் தெரிந்தது. உணவுக்கு அத்தகைய விளைவு இல்லை. இந்நாய்கள் நம்பிக்கையை உணவின்மேல் அல்ல, அன்பின்மேல் கட்டுகின்றன என்று ஆய்வாளர் முடிவு கூறினர்.

அளவுகோலைக் கவனிக்க வேண்டும். இங்கே நம்பிக்கை எனப் பெயர் பெற்றது, நாய் கையிலிருந்து உணவை எடுக்கிறதா என்பது மட்டுமே. வருடுவதும் கைதான். ஆக, வருடப்பட்ட நாய்களுக்கு ‘இந்தக் கை தொட்டாலும் தீங்கில்லை’ என்ற பாடம் திரும்பத் திரும்பக் கிடைத்தது. கூடுதல் தீனி பெற்றவற்றுக்குத் தொடுகை பற்றிய பாடமே நடக்கவில்லை. வினாத்தாளோ முழுக்க முழுக்கக் கையைப் பற்றியது. பாடம் படித்த மாணவன் தேறினான், படிக்காதவன் தேறவில்லை என்பதிலிருந்து, இருவரில் யாருக்கு ஆசிரியர்மேல் பாசம் அதிகம் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு முறை வருடியதற்குப் பயனில்லை, பலமுறை வருடியதற்குப் பயனுண்டு என்பதும் இதையே சுட்டுகிறது. வருடல் தன்னளவில் நாய் விரும்பும் பரிசாக இருந்திருந்தால், முதல் சந்திப்பிலேயே சிறிதளவேனும் ஈர்த்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல ஏற்பட்ட மாற்றம், அச்சம் தேய்வதன் சாயலையே காட்டுகிறது. அன்பும் மெல்லத்தானே வளரும் என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான், இந்த ஒரு தரவை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றை அறுதியிட இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிற சான்றுகளின் சாய்வு வேறு பக்கம் இருக்கிறது. எரிக்கா ஃபியூர்பாக்கர், கிளைவ் வின் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உணவும் வருடலும் ஒரே நேரத்தில் கிடைக்கும்போது பெரும்பாலான நாய்கள் உணவையே தேர்ந்தன. அவற்றில் காப்பக நாய்களும் உண்டு, வீட்டு நாய்களும் உண்டு. அவை அமெரிக்க நாய்கள், நம் தெருநாய்கள் அல்ல என்பது உண்மை. ஆனால் கொல்கத்தாக் குழுவே 2020-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம் தெருக்களில் நடந்ததுதான். மனிதர் சுட்டிக்காட்டும் கிண்ணத்தைத் தெருநாய் நாடுமா என்று 160 நாய்களிடம் பார்த்தார்கள். அருகே வந்தவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாகப் புரிந்துகொண்டன. சுமார் பாதி நாய்களோ எந்தக் கிண்ணத்தையும் நெருங்கவே இல்லை. பதற்றத்துடன் விலகியே நின்றன.

அந்தப் பாதியைத்தான் அன்பே அடித்தளம் என்னும் வாசிப்பு மறந்துவிடுகிறது. வருடலைப் பரிசாகப் பெற, நாய் முதலில் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்தாக வேண்டும். வராத நாயை வருடுவதென்றால் மனிதர்தான் அதை நோக்கிச் சென்று தலைமேல் கையை நீட்ட வேண்டும். அஞ்சிய நாய்க்கு அது மிரட்டல். கடி நேர்வது அங்கேதான். தீனியைப் பத்தடிக்கு அப்பாலிருந்தும் போடலாம். நாய் எவ்வளவு நெருங்குவது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும்.

ஒரே மனிதரா, யாரோ ஒருவரா?

இரண்டாவது சிக்கல் மனிதரைப் பற்றியது. பலமுறைச் சந்திப்பில் நாய் பழகியது வருடிய அந்த மனிதரோடு. அந்த நம்பிக்கை அடுத்த தெருவில் எதிர்ப்படும் புதியவருக்கும் செல்லுமா என்பதற்கு இச்சோதனையில் விடை இல்லை. கிராமத்துத் தெருவில் இது பெரிய குறையாகாது. அங்கே நாய்க்கு எல்லாரையும் தெரியும். இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் சிப்காட் சாலைகளின் நிலை வேறு. ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் கம்பெனி பஸ்களிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் வருவதும் போவதும் வழக்கம். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியை ஏஜென்சி இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பு மட்டுமே 18,720 பேருக்கானது. இங்கே நாய் அன்றாடம் எதிர்கொள்வது யாரோ ஒருவரை.

இத்தகைய இடத்தில் ஒரு காவலரின் வருடல் உண்டாக்குவது, அவருக்கு மட்டும் வாலாட்டும் நாயை. அவர் இடம் மாறியதும் அந்தப் பயிற்சி முடிந்துவிடும். இரவு ஷிஃப்ட் முடித்துச் சாலையோரம் நடந்துவரும் பெண்ணுக்கு அதனால் பயனில்லை. தேவைப்படுவது ஆள் மாறினாலும் மாறாத நடைமுறை: குறித்த இடம், குறித்த நேரம், ஒரே குரல் குறிப்பு. யார் பணியில் இருந்தாலும், நாய் சாலையை விட்டு ஒதுங்கி அந்த இடத்துக்குப் போன பிறகுதான் தீனி. டீக்கடை வாசலில் ஆளாளுக்கு வீசும் பொறை இந்தக் கணக்கில் வராது. அது நாய்க்குக் கற்பிப்பது, கையில் பொட்டலம் வைத்திருக்கும் எவரையும் பின்தொடரலாம் என்பதை. நடத்தையோடு இணையாத தீனி பயிற்சி ஆகாது. தீனியைக் கையூட்டு என்று தள்ளுவோர் குறைகூற வேண்டியது இந்த இணைப்பின்மையை, தீனியை அன்று.

இதற்கான சட்ட இடமும் ஏற்கெனவே உண்டு. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்கு உணவிடும் இடத்தையும் நேரத்தையும் வரையறுக்கச் சொல்கின்றன. நுழைவாயில்களையும் குழந்தைகள் விளையாடும் இடங்களையும் தவிர்க்கச் சொல்கின்றன. அவ்விதிகள் குடியிருப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொழிற்பேட்டைக்கு அவற்றை விரித்துக்கொள்வதில் தத்துவச் சிக்கல் எதுவும் தெரியவில்லை.

லத்தி பற்றிச் சில சொற்கள்

விரட்டி அடித்தால் போதாதா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. பென்சில்வேனியாவில் நடத்தைச் சிக்கலுக்காக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட வளர்ப்பு நாய்களைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களின் நாய்களில் 43 விழுக்காடு எதிர்த்துச் சீறின. போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வு, தண்டித்துப் பழக்கப்பட்டவை பயிற்சியின்போது கூடுதல் பதற்றத்தைக் காட்டியதைப் பதிவு செய்தது. மனிதர் நட்பாக அழைப்பதையும் கம்பை ஓங்குவதையும் நம் தெருநாய் தெளிவாகப் பிரித்தறிகிறது என்று கொல்கத்தாக் குழுவே 2018-இல் காட்டியிருக்கிறது. லத்தி நாயை அகற்றுவதில்லை; கையில் எதையோ பிடித்துவரும் அடுத்த மனிதரைக் கண்டு அஞ்சத்தான் கற்பிக்கிறது. அந்த மனிதர் குடையோடு வரும் தொழிலாளியாகவும் இருக்கலாம்.

தீனி வைத்தால் நாய்கள் பெருகும் என்பது அடுத்த ஆட்சேபம். கேன்டீன் கழிவும் சாலையோர உணவுக்கடைகளும் இருக்கும்வரை நாய்கள் ஏற்கெனவே உண்டுகொண்டுதான் இருக்கின்றன. பெருக்கத்தைக் குறைப்பது கருத்தடை, பட்டினி அன்று. வெறிநோய்த் தடுப்பூசிக்கும் கடிபட்டவருக்கான உடனடிச் சிகிச்சைக்கும் பயிற்சி மாற்றாகாது என்பதைச் சொல்லவும் வேண்டியதில்லை.

வாசிப்பின் விலை

தொழிற்பேட்டைச் சாலையில் இந்த வாதத்துக்கு எடை கூட்டியிருப்பவை அண்மைய ஆணைகள். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்ற 2025 ஆகஸ்ட் 22-ஆம் நாள் ஆணையில், வெறிநோய் கண்டவற்றோடு ஆக்ரோஷமாக நடப்பவற்றுக்கும் உச்ச நீதிமன்றம் விலக்கு வைத்தது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது நவம்பர் 7-ஆம் நாள் ஆணை. ஆக்ரோஷம் எது, அச்சம் எது என்று பிரிப்பவர் யார்? ஆய்வில் கிண்ணத்தை நெருங்காத அந்தப் பாதி நாய்களில் ஒன்றை ஒருவர் கம்பால் நெருக்கினால், அது பல்லைக் காட்டும். பார்ப்பவர் அதை ஆக்ரோஷம் என்றே பதிவு செய்வார்.

என் வாசிப்பைப் பொய்ப்பிக்க வழி உண்டு. தொழிற்பேட்டையிலேயே, வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஷிஃப்டுகளில், ஒரு நாய்க்குழுவுக்கு வருடலும் மற்றொன்றுக்கு ஒழுங்குபட்ட தீனியும் தரட்டும். பிறகு இரு குழுவும் இதுவரை கண்டிராத ஒருவரிடம் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளக்கட்டும். கையை அன்று, விலகும் தொலைவை. வருடப்பட்டவை அங்கேயும் முந்தினால் இக்கட்டுரை தவறு. அவை முந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அச்சமூட்டாத பயிற்சிக்கு மனிதர் நாயை நேசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. யார் வந்தாலும் அடுத்து நடக்கப்போவது என்ன என்று நாய் முன்கூட்டியே அறிய முடிந்தால் போதும். ஆள் நிலைக்காத தொழிற்பேட்டையில் அன்பைச் சட்டமிட்டு வழங்க முடியாது, ஒழுங்கை வழங்கலாம்.