தோமா இருந்த படகு

விவிலிய வாசிப்பில் கிடைக்கும் இறையன்பையும் ஆறுதலையும் பற்றி, நொச்சிக்குப்பத்துக் குடும்பங்கள் படிக்கும்படி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். சாந்தோம் கோபுரத்தைப் பார்த்துக் கரை திரும்புகிறவர்களுக்குத் தோமையாரின் வரலாற்றையும் சின்னமலையையும் கடற்கரைக் கம்பத்தின் அற்புதத்தையும் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நேரே நூலுக்குள் போகிறேன்.

தோமா என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம். காயத்தைத் தொட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்றவர் என்று அவருக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த அதிகாரத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை. 21ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தைப் பாருங்கள். திபேரியக் கடலோரம் ஏழு பேர் கூடியிருக்கிறார்கள். பேதுருவின் பெயருக்கு அடுத்ததாகவே தோமாவின் பெயர் வருகிறது. பேதுரு மீன் பிடிக்கக் கிளம்ப, மற்றவர்களும் உடன் ஏறுகிறார்கள். அந்த இரவு முழுக்க ஒன்றுமே படவில்லை. ஆக, நம் சாந்தோமில் கல்லறை கொண்டிருக்கும் அப்போஸ்தலர், வெறும் வலையோடு விடியலைப் பார்த்தவர். மயிலைக் கடற்கரைக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான வசனம் விவிலியத்தில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

விடியலில் கரையில் ஒருவர் நிற்கிறார். வலப்பக்கம் வலை போடச் சொல்கிறார். வலை இழுக்க முடியாமல் கனக்கிறது. கரைக்கு இன்னும் ஏறத்தாழ இருநூறு முழம் இருக்கையிலேயே பேதுரு மேலாடையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறார். கரையேறிப் பார்த்தால் கரிநெருப்பு மூட்டியிருக்கிறது. அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அவர்கள் வலையை இழுத்துக் கரை சேர்ப்பதற்கு முன்பே உணவு ஆயத்தம். அதற்குப் பிறகுதான், பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார் ஆண்டவர்.

யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது. முதலாவது 18ஆம் அதிகாரம்: தலைமைக் குருவின் முற்றத்தில் அதனருகே குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு தம் ஆண்டவரை மறுதலித்தார். இரண்டாவது, இந்தக் கடற்கரை. மறுதலித்தவனை வரவேற்க ஆண்டவர் அதே நெருப்பை மூட்டியிருக்கிறார். கண்டிக்கவில்லை, முதலில் சாப்பிட அழைக்கிறார். இறையன்புக்கு விளக்கம் கேட்போருக்கு நான் காட்டும் இடம் இதுதான்.

வலையில் இருந்தவை 153 மீன்கள். ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று கணக்குப் போட்டுப் பெரும் மறைபொருள் கண்டார் புனித அகுஸ்தீன். அவர்மீது எனக்கு மிகுந்த பக்தி உண்டு. ஆனாலும் ஏழு பேர் சேர்ந்து பிடித்த மீனைப் பங்கு பிரிக்க எண்ணித்தானே ஆக வேண்டும்? இதைக் குப்பத்துப் பெரியவர்கள் அகுஸ்தீனுக்கே எடுத்துச் சொல்லியிருப்பார்கள்.

கடலை அறிந்தவர்கள் வாசிக்க வேண்டிய இன்னொரு பகுதி திருத்தூதர் பணிகள் 27. பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார். புயலில் சிக்கிய பதினான்காம் இரவு, ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம். சற்றுத் தள்ளி மறுபடி பார்க்க, பதினைந்து. பாறையில் மோதிவிடுமோ என்ற பயத்தில் பின்புறமாக நான்கு நங்கூரம் இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று காத்துக் கிடக்கிறார்கள். பொழுது புலரும் வேளையில் பவுல் எல்லார் முன்னும் அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறார். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். அதன்பின் அவர்களுக்கும் தெம்பு வந்தது. கப்பல் என்னவோ உடையத்தான் செய்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டும் மால்தா கரை சேர்ந்தார்கள். மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்கு அத்தீவு மக்கள் தீ மூட்டினார்கள். அங்கும் ஒரு நெருப்பு.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை வந்த ஆழிப்பேரலையைப் பற்றி நான் எழுதுவது தகாது. அதை அனுபவித்தவர்கள் இம்மலரைப் படிப்பவர்கள். அன்று சாந்தோம் ஆலயம் வீடிழந்தோருக்குக் கதவு திறந்ததும் அவர்கள் அறிந்ததே. ஒன்று மட்டும் நினைவூட்டுகிறேன். அந்த அலைக்கு இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28, திருச்சபை மாசில்லாக் குழந்தைகள் விழாவைக் கொண்டாடும் நாள். அன்றைய நற்செய்தி மத்தேயு 2ஆம் அதிகாரம்: பிள்ளைகளை இழந்த ராகேல் ஆறுதல் பெற மறுத்து அழுகிறாள். எரேமியாவில் (31ஆம் அதிகாரம்) இந்த அழுகைக்கு அடுத்து நம்பிக்கை வாக்கு வருகிறது. மத்தேயு அதை எடுக்கவில்லை, அழுகையோடு நிறுத்திவிடுகிறார். அழுகிறவளை அவசரப்படுத்தி அடக்காத நூல் இது. துக்க வீட்டில் வாய்க்கு வந்த சமாதானம் சொல்வோர் இதைக் கற்க வேண்டும்.

ஆறுதல் பெற்றவரும் நம் கரையில் உண்டு. புனித சவேரியார் 1545இல் மயிலைக்கு வந்து தோமையாரின் கல்லறையருகே சில மாதம் தங்கினார். அடுத்து எங்கே போவது என்ற தெளிவு வேண்டி மன்றாடியதையும், மலாக்கா பக்கம் போக வேண்டும் என்பதை இறைவன் மிகுந்த ஆறுதலோடு தமக்கு உணர்த்தியதையும் அவ்வாண்டு மே 8ஆம் நாள் இங்கிருந்தே கடிதத்தில் எழுதினார். அவர் பெற்ற ஆறுதல் அவரைக் கரையில் உட்கார வைக்கவில்லை; கடலுக்கு அனுப்பியது.

தமிழ் விவிலியம் நம் கைக்கு வந்த வழியும் சுகமான வழியன்று. மறைப்பணியாளர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1714இல் நற்செய்திகளை அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டை முடிக்குமுன் 1719இல் மறைந்தார். நம் வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ், 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தவர். முதுமையில் கடனுக்காகச் சிறையும் கண்டவர். இப்படிப்பட்ட வாழ்வின் நடுவில் அவர் உழைத்து மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரி அச்சகத்தில் வெளிவந்தது. திருப்பாடல்களின் கதறலைத் தமிழாக்க அவரைவிடத் தகுந்தவர் யார்? பவர் ஐயரின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பையும், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் கூடி உழைத்து 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பையும் பற்றி விரித்தெழுத இடமில்லை.

இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கோ ஆயாவுக்கோ எழுத்து கூட்டிப் படிக்க வராமல் இருக்கலாம், கடல் தெரியும். இன்று இரவே யோவான் 21ஐ அவர்கள் முன் சத்தமாக வாசியுங்கள், நாளை திருத்தூதர் பணிகள் 27ஐ. வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்லப் புகாதீர்கள். அவர்களைப் பேசவிட்டுக் கேளுங்கள்.