குசினித் துணிக்கு வரலாறு இருக்கா?

எங்கட வீடுகளில குசினித் துணியை ஒருத்தரும் கடையில வாங்கிறதில்லை. பழைய சீலையோ சாரமோ கிழிஞ்ச பிறகுதான் கோப்பை துடைக்க வரும். அங்கயும் நைஞ்சுபோனால் நிலம் துடைக்கும், பிறகு குப்பை. வரலாறு படிக்கிற எங்களுக்கு இதில ஒரு சிக்கல் இருக்கு: பாவிச்சே முடிஞ்சுபோகிற பொருளுக்கு எப்படி வரலாறு எழுதுவது?

அமெரிக்காவின் மாச் சாக்கை எடுத்துப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே கோதுமை மா மரப் பீப்பாய்களில்தான் போனது. 1846இல் எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். மெஷினால் உறுதியாகத் தைக்க முடிந்த பிறகு, பருத்திச் சாக்குகள் பீப்பாய்களின் இடத்தைப் பிடித்தன. மா முடிஞ்சதும் பெண்கள் தையலைப் பிரிச்சு, மை போகும்வரை தோய்ச்சு, கோப்பை துடைக்க எடுத்தார்கள். தோய்க்கத் தோய்க்க அந்தத் துணி மெதுவாகும், தண்ணியையும் நல்லா உறிஞ்சும். 1930களின் பொருளாதார மந்தத்தில் அதுவே பிள்ளைகளுக்குச் சட்டையாகவும் ஆனது. கம்பனிகள் இதைக் கவனித்தன. கழுவினால் போகிற மையில் பெயர் அடித்தார்கள், பூப்போட்ட சாக்குகளும் வந்தன. குசினிப் பெண்களின் சிக்கனம் ஒரு தொழிற்றுறையையே தன் பக்கம் திருப்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலிவான கடதாசிப் பைகள் அந்தக் காலத்தை முடித்தன.

கோப்பை துடைத்த அந்தச் சாக்குகள் எல்லாம் தேய்ஞ்சே போயின. ஆனால் வேறு சில மாச் சாக்குகள் தப்பியிருக்கின்றன. 1914இல் ஜேர்மனி பெல்ஜியத்தை ஆக்கிரமித்தபோது, ஹெர்பர்ட் ஹூவரின் நிவாரண ஆணைக்குழு அங்கே மா அனுப்பியது. பருத்தி வெடிமருந்துக்கு உதவும் என்பதால் வெறும் சாக்குக்கும் கணக்கு வைத்தார்கள். பெல்ஜியப் பெண்கள் அந்தச் சாக்குகளில் பூவேலை செய்து, நன்றியாகத் திருப்பி அனுப்பினார்கள். பிற்காலத்தில் ஹூவர் ஜனாதிபதியானார். அவருடைய பெயரில் ஐயோவாவில் இருக்கிற நூலகத்தில் அவற்றில் பல இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

இரண்டும் மாச் சாக்குத்தான், இரண்டிலும் பெண்களின் உழைப்புத்தான். பெரிய மனிதருக்குப் பரிசாகப் போனது ஆவணமானது. மூன்று வேளையும் கோப்பை துடைத்தது காணாமல் போனது. ஆவணக் காப்பகத்தில இருக்கிறது மட்டும்தான் வரலாறு எண்டால், எங்கட அம்மம்மாக்களின் வாழ்க்கையில பெரும்பகுதி அதில வராது.

அதால அம்மம்மா இருக்கிற ஆக்கள் இண்டைக்கே கேளுங்கோ: உங்கட குசினியில என்ன துணி கிடந்தது, அது முதல்ல என்னவாய் இருந்தது? சொல்லுறதை எழுதி வையுங்கோ. துணி மிஞ்சாது, எழுதினது மிஞ்சும்.