எண்ணிக்கையும் ஓர் அமானிதமே



புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

செட்டிகுளத்தில் வாழும் நீங்களும், மதவாச்சி–மன்னார் வீதியால் பயணிக்கும் நீங்களும் மெனிக் பாம் என்ற பெயரை அறிவீர்கள். 2009ஆம் ஆண்டில் காடு வெட்டி அமைக்கப்பட்ட அந்த முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் முட்கம்பி வேலிக்குள் வாழ்ந்தனர். 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. அந்த முகாமைப் பற்றியும் அதற்கு முந்திய மாதங்களைப் பற்றியும் பலர் பல கோணங்களில் எழுதியுள்ளனர். நாம் இங்கு ஒரேயொரு விடயத்தை மட்டும் சிந்திப்போம். ஒரு நிறுவனத்திலோ திணைக்களத்திலோ பொறுப்பில் அமர்ந்திருக்கும் மனிதர், எந்தப் பக்கம் திரும்பினாலும் தீங்கு தெரியும் வேளையில், எதை முதலில் பற்றிப்பிடிக்க வேண்டும் என்பதே அவ்விடயமாகும்.

இக்கேள்விக்கு விடை தேடுவதற்கு முன், நம் முன்னோரின் வரலாற்றில் ஒரு பஞ்ச காலத்தைப் பார்த்து வருவோம்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639 அளவில், அரபு மண்ணில் மழை பொய்த்தது. பூமி சாம்பல் நிறமாகக் கருகியது. அதனால் அவ்வாண்டு ‘ஆமுர் ரமாதா’, அதாவது சாம்பல் ஆண்டு என்று பெயர் பெற்றது. பாலைவனத்துக் கோத்திரங்கள் உணவு தேடி மதீனாவை நோக்கித் திரண்டன. அவ்வேளையில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்கள் கலீபா உமர் (ரழி) அவர்கள்.

அவர்கள் சிரியா முதலிய பகுதிகளின் ஆளுநர்களுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். மக்களின் கஷ்டம் நீங்கும் வரை நெய்யையும் இறைச்சியையும் தவிர்த்துக்கொண்டார்கள். இவற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் தமது ‘தபகாத்’ நூலில் பதிவு செய்துள்ள இன்னுமொரு செய்தியை நாம் அதிகம் பேசுவதில்லை. ஓர் இரவு, தம்மிடம் வந்து உணவருந்தியோரை எண்ணுமாறு கலீபா கட்டளையிட்டார்கள். எண்ணிப் பார்த்தபோது ஏழாயிரம் பேர் இருந்தனர். அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. உணவு பரிமாறும் இடத்துக்கு வர இயலாத நோயாளிகளையும் சிறுவர்களையும் குடும்பத்தாரையும் எண்ணி வருமாறு பணித்தார்கள். அவர்கள் நாற்பதாயிரம் பேர்! சில நாட்களின் பின் மீண்டும் எண்ணினார்கள். முதற் தொகை பத்தாயிரமாகவும் இரண்டாம் தொகை ஐம்பதாயிரமாகவும் உயர்ந்திருந்தது. பின்னர் மழை பொழிந்தபோது, அம்மக்களை உணவும் வாகன மிருகங்களும் கொடுத்து அவரவர் பூமிக்கே அனுப்பிவைத்தார்கள்.

சற்று நிதானித்துப் பாருங்கள். கண்ணெதிரே வந்தவர்கள் ஏழாயிரம் பேர். வராதவர்கள் அதைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகமானோர். வந்தவர்களை மட்டும் எண்ணி, ‘எல்லோருக்கும் உணவு கொடுத்தாயிற்று’ என்று ஒரு நிர்வாகி மனம் நிறைந்து உறங்கியிருக்கலாம். கணக்கும் சரியாகவே தோன்றியிருக்கும். ஆனால் நாற்பதாயிரம் வயிறுகள் அந்தக் கணக்குக்கு வெளியே பட்டினி கிடந்திருக்கும். தொகை கூடினால் பைத்துல்மாலின் சுமை கூடும் என்பதை அறிந்தே உமர் (ரழி) அவர்கள் எண்ணச் சொன்னார்கள். மறுபடியும் எண்ணச் சொன்னார்கள்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நமது வன்னி மண்ணுக்கு வருவோம்.

2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு இனி உத்தரவாதம் அளிக்க முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததை அடுத்து, ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. தங்களைக் கைவிட்டுப் போக வேண்டாம் என்று பொதுமக்கள் அவ்வலுவலக வாயிலில் கூடி நின்று மன்றாடினர். அதன் பின் போர் முல்லைத்தீவுக் கரையோரத்தை நோக்கி நெருங்கியது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தனர். தப்பிச் செல்ல முயன்றோர் மீது துப்பாக்கிப் பிரயோகமும் செய்தனர். மறுபுறம், மக்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த பகுதிகளில் எறிகணைகள் விழுந்தன.

அந்நிலையில் உள்ளே எத்தனை பேர் இருக்கின்றனர் என்ற கேள்வி எழுந்தது. 2009 பெப்ரவரி அளவில் அரசாங்கம் சுமார் 70,000 பேர் என்றது. அதே காலத்தில், மக்களுடன் உள்ளேயே தங்கிக் கடமையாற்றிய முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர், மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இருப்பதாக அறிக்கை எழுதினார். அவருடைய தொகை ஆதாரமற்றது என்று கொழும்பிலிருந்து கண்டனம் வந்தது என்பதை, ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது. இறுதியில் என்ன நடந்தது? ஏப்ரல் 20ஆம் திகதி தொடங்கிச் சில நாட்களுக்குள் ஒரு இலட்சம் பேருக்கு மேல் வெளியே வந்தனர். மே மாத முடிவில் முகாம்களில் இருந்தோரின் தொகை 280,000ஐயும் தாண்டியது.

சகோதரர்களே! ஓர் எண் தானே என்று எண்ணிவிடாதீர்கள். உணவும் மருந்தும் அந்த எண்ணின்படியே கணக்கிடப்படுகின்றன. மூன்று இலட்சம் பேரை எழுபதாயிரம் என்று எழுதினால், நான்கு பேருக்கு ஒருவரின் பங்கே போய்ச் சேரும். அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோருக்குக் கேடு உண்டென்று அல்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் கடைத்தெருவின் தராசோடு நிறுத்திக்கொள்கிறோம். மனிதர்களை எண்ணும்போது குறைத்து எண்ணுவது, அரிசியை நிறுக்கும்போது குறைத்து நிறுப்பதை விடச் சிறிய குற்றமாகுமா?

அந்த மேலதிக அரசாங்க அதிபரின் கையில் கப்பல் இருக்கவில்லை, களஞ்சியமும் இருக்கவில்லை. போரை நிறுத்தும் வல்லமையும் அவருக்கு இருக்கவில்லை. தாம் கண்டதைக் கண்டவாறு எழுதும் பேனா மட்டுமே இருந்தது. அந்தப் பேனாவுக்கு அவர் துரோகம் செய்யவில்லை. பாடசாலைக் கட்டிடங்களைத் தற்காலிக வைத்தியசாலைகளாக்கி, மே மாத நடுப்பகுதி வரை காயப்பட்டோருக்குச் சிகிச்சை அளித்த அரச வைத்தியர்களும் இவ்வாறே தம் பொறுப்பை விட்டு நகரவில்லை. இவர்கள் முஸ்லிம்கள் அல்லர். எனினும் அமானிதத்தைப் பேணிய மனிதர் யாராயினும், அவரிடமிருந்து பாடம் கற்பது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த பண்பாடாகும்.

இனி மற்றொரு தரப்பைப் பாருங்கள். ஐ.நா. அதிகாரிகள் கொல்லப்பட்டோர், காயமடைந்தோர் பற்றிய தகவல்களைத் திரட்டிக்கொண்டிருந்தனர். ஆனால் அவற்றை வெளியிட்டால் அரசாங்கத்தின் அனுமதி பறிபோகும், உதவிப் பணி தடைப்படும் என்று பொறுப்பாளர்கள் பலர் அஞ்சினர். 2009 மார்ச் 13ஆம் திகதி, மனித உரிமைகளுக்கான உயர் ஸ்தானிகர் நவநீதம்பிள்ளை அவர்கள், ஜனவரி 20க்குப் பின் 2,800க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தார். அதனை வெளியிட வேண்டாம் என்று அதே நிறுவனத்தின் உள்ளேயே ஆலோசனை கூறப்பட்டிருந்தது. 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, இதனை ஓர் அமைப்பு ரீதியான தோல்வி என்றே ஏற்றுக்கொண்டது. தனி ஒரு மனிதரின் தீய எண்ணத்தால் அது நேரவில்லை. ‘இன்று இதை விட்டுக்கொடுப்போம், நாளை அதைப் பெறுவோம்’ என்று நல்லெண்ணத்துடன் ஒவ்வொரு படியாக இறங்கியதன் விளைவே அது.

இதில் கூர்ந்து நோக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. மெனிக் பாம் முகாமிலும் நிறுவனங்கள் இக்கட்டில் சிக்கின. உதவி செய்தால், மக்கள் வெளியே நடமாட முடியாத ஒரு மூடிய முகாம் நீடிக்கத் துணை போனதாகும். உதவியை நிறுத்தினால், குழந்தைகள் குடிநீரின்றித் தவிப்பர். 2009 ஆகஸ்டில் மழைவெள்ளம் கூடாரங்களுக்குள் புகுந்தபோது இக்கேள்வி இன்னும் கடுமையாயிற்று. நிறுவனங்கள் உதவியைத் தொடர்ந்தன. நடமாடும் சுதந்திரம் வேண்டும் என்றும் கேட்டன. டிசம்பர் 1ஆம் திகதி கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. உதவுவதா, விலகுவதா என்பதில் நல்ல மனிதர்களும் கருத்து வேறுபடலாம். அது இஜ்திஹாதுக்குரிய இடம். ஆனால் உண்மையைக் குறைத்து எழுதுவதில் அத்தகைய இடம் கிடையாது. பொய்யான கணக்கின் மேல் எவ்வளவு நல்ல முடிவை எடுத்தாலும் அது நொறுங்கிவிடும்.

எண்ணிக்கைக்கு வெளியே விடப்படுவதன் வலி நமக்குப் புதிதன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்தனர். போர் முடிந்த பின்னர் அவர்கள் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ என்று வேறு பட்டியலில் வைக்கப்பட்டனர். ‘புதிய’வர்களுக்கு முதலிடம் கிடைத்தது, ‘பழைய’வர்கள் பின்தள்ளப்பட்டனர். எனவே பட்டியலில் பெயரில்லாத தமிழ்த் தாயின் துயரத்தைப் புரிந்துகொள்ள நம்மை விடத் தகுதியானவர் யார்?

இளைஞர்களே! நாளை நீங்கள் முகாமையாளராகலாம், கிராம உத்தியோகத்தராகலாம், கூட்டுறவுக் கடையின் பொறுப்பாளராகவோ அதிபராகவோ ஆகலாம். மேலதிகாரி ஒரு தாளை நீட்டி, ‘இந்தத் தொகையைச் சற்று மாற்றி எழுது’ என்று கூறும் நாள் ஒன்று வரக்கூடும். அந்நாளில் மூன்று விடயங்களை மனதில் இருத்துங்கள். முதலாவது, கண்டதைக் கண்டவாறு, திகதியிட்டு எழுதிவையுங்கள். இரண்டாவது, உங்கள் முடிவின் சுமை யாருடைய தலையில் இறங்குகிறது என்று பாருங்கள். மௌனத்தின் இலாபம் உங்களுக்கும், நட்டம் அங்கில்லாத ஓர் ஏழைக்கும் என்றால், அந்த மௌனம் பொறுமையாகாது. மூன்றாவது, தனியே சுமக்காமல் நம்பிக்கைக்குரியோருடன் மஷூரா செய்யுங்கள். மிஸ்ரின் களஞ்சியப் பொறுப்பை யூசுப் (அலை) அவர்கள் கேட்டபோது, தம்மிடமுள்ள இரு தகுதிகளையே முன்வைத்தார்கள்: பாதுகாக்கும் நேர்மையும் அறிவும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் களஞ்சியம் காலியாகிவிடும்.

பெற்றோர்களே! இப்பயிற்சி அலுவலகத்தில் தொடங்குவதில்லை. நமது மஹல்லாவில் ஸகாத் பட்டியல் தயாரிக்கப்படும்போதும், உழ்ஹிய்யா இறைச்சி பங்கிடப்படும்போதும் உங்கள் பிள்ளையை உடன் அனுப்புங்கள். பள்ளிவாசலுக்கு வந்து கேட்போரை மட்டும் எழுதி முடித்துவிடுகிறோமா? இத்தாவில் இருக்கும் விதவை, படுக்கையில் கிடக்கும் முதியவர், சந்தா கட்ட இயலாமல் வெட்கத்தால் ஒதுங்கிய குடும்பம், இவர்களெல்லாம் வராத நாற்பதாயிரத்தைச் சேர்ந்தவர்கள். ‘வாப்பா, அந்த வீட்டை எழுதவில்லையே’ என்று இன்று கேட்கும் பிள்ளைதான், நாளை ஓர் அலுவலகத்தில் சரியான தொகையை எழுதும்.

ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற எச்சரிக்கையாகும். அந்த விசாரணை நாளில், நாம் எண்ணாமல் விட்டவர்களும் எழுந்து வருவார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பேனாக்களை உண்மையின் மீது நிலைத்திருக்கச் செய்வாயாக! எங்கள் கண்ணுக்குத் தெரியாத பசித்தோரை எங்களுக்குக் காட்டித் தருவாயாக! ஆமீன்.